ஷேர் ஆட்டோவில் ஏறிய ஆல்பம்

தி.நகரில் ஒரு சின்ன இசை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே விளம்பரப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சினிமாப் பாட்டாக இருந்தால் நடிகரின் முகமே பாதி வேலையைச் செய்துவிடும். அந்த வருடம் முதலாளி புதிதாக ஒரு ராப் ஆல்பத்தை வாங்கியிருந்தார். பாடியவள் கொட்டிவாக்கத்துப் பெண். அவள் அம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். கரையை அரிக்கும் கடல், மாடி வீடுகளுக்குப் பின்னால் மறைந்துபோன குப்பம், விடிவதற்குள் மீன் எடுக்க ஓடும் பெண்கள் என எல்லாமே அந்தப் பாட்டுகளில் இருந்தன. முதல்முறை கேட்டபோதே இதை விற்றே தீருவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

விளம்பரம் இரண்டே வாரம் என்றார் முதலாளி. அதற்குப் பின்னால் ஒரு படத்தின் பாடல்கள் காத்திருந்தன.

அடையாறில் இருக்கும் எஃப்.எம். நிலையத்துக்குப் போனேன். எந்தப் பாட்டை எப்போது போடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரி ஒரு பாட்டை முழுக்கக் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் படத்திலும் வரவில்லையே என்றார். விடாமல் போய்க்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண், நான் கேட்காமலே டீ சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். பாட்டில் வரும் கொச்சைப் பேச்சை மாற்றிப் பாடித் தந்தால் காலையிலேயே போடலாமாம்.

இதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவள், வாசலில் மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா பேசுறது கொச்சையாக்கா? மாத்த மாட்டேன். ரேடியோல வராட்டி போவட்டும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. திரும்ப அடையாறு போய், எந்த நேரம் கொடுத்தாலும் சரி, பாட்டில் கை வைக்காதீர்கள் என்றேன். ஞாயிறு மதியம் கொடுத்தார். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம்.

அன்று அவள் வீட்டில்தான் இருந்தேன். மகளின் குரல் ரேடியோவில் வந்ததும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் விளம்பரங்களைக் கேட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் அந்த ஒரு பாட்டை நிறையப் பேர் இணையத்தில் தேடிக் கேட்டார்கள். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை யாரும் சீண்டவில்லை. நிலையம் மறுபடி போடாததால் வாரக் கடைசிக்குள் அதுவும் அடங்கிவிட்டது. முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

"எனக்கும் பிடிச்சிருக்கும்மா. ஆனா கம்பெனிய நடத்தணுமே" என்றார் முதலாளி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆல்பத்தைப் பென்டிரைவில் போட்டுத் தாருங்கள், என் லீவு நாளில் நானே விற்கிறேன் என்றேன். அதற்குச் சம்மதித்தார்.

நானும் அவளும் வடபழனி டிப்போ பக்கம் போய் வண்டியில் போட்டுப் பாருங்கள் என்று ஷேர் ஆட்டோக்காரர்களிடம் சும்மாவே கொடுத்தோம். சிலர் வாங்கவே இல்லை. ஒருவர் மட்டும் வேண்டாவெறுப்பாகச் செருகினார். இரண்டாவது பாட்டில் சத்தத்தைக் கூட்டினார்.

"இன்னா நைனா, நம்மாளு மாதிரியே பேசுது" என்று பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டார். பாடியவள் தன் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களால் பாட்டைத் தள்ளிவிட முடியாது. போரூர் போய்ச் சேருவதற்குள் பாதி ஆல்பம் காதில் விழுந்துவிடும். யார் பாடியது என்று கேட்டவர்களை ஓட்டுநர்கள் எங்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிப்போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பென்டிரைவெல்லாம் தீர்ந்தது. ஒரு சினிமாப் பாட்டு ஒரே காலையில் அதைவிட அதிகம் பேரிடம் போகும். ஆனாலும் இந்த முறை ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளையும் கேட்டார்கள். கேட்பது குறையவும் இல்லை.

முதலாளி அவளுடைய அடுத்த ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தத் தடவை விளம்பரம் எத்தனை நாள் என்பதை நான் சொல்கிறேன் என்றேன். முதலாளி சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. அந்தப் புது ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை அடையாறுக்கு அனுப்பி, காலை நேரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார் அதிகாரி. வியாழக்கிழமை நேரில் போகப்போகிறேன்.