இருதயமேரி காதால் வறுத்த கோழி

எங்கள் தெருவில் கறி தின்னாமலே கறி வறுக்கக் கற்றுக்கொண்ட ஒரே பெண்பிள்ளை இருதயமேரிதான். தின்றது முழுக்க நான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் வறுத்தாள், நான் தின்றேன், கோழியும் என்னுடையது. பிறகென்ன?

செஞ்சிப் பேட்டையில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் இடுப்புயர மண்சுவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாரியம்மன் கோயிலுக்கு. மற்றபடி முறமும் உலக்கையும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வந்துகொண்டேதான் இருக்கும். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஒல்லி, நல்ல உயரம். எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள். கடைத்தெருவுக்கு முதன்முதலாகத் தையல் மெஷின் வந்தபோது அதன் அடியில் குந்திக்கொண்டு, கீழ்நூல் எப்படி மேலே வருகிறது என்று பார்த்தவள். தையற்காரர் விரட்டியும் எழுந்திருக்கவில்லை. “ஒரு சங்கதி புரியலன்னா எனக்குச் சோறு எறங்காதுக்கா” என்பாள். உண்மைதான், இறங்காது.

அவள் புருஷன் மதலைமுத்து சண்டைக் காலத்தில் ஒரு காண்டிராக்டரோடு அசாம் பக்கம் போனவன். போனவன் போனவன்தான். எப்போதாவது யாரோ ஒருவர் வந்து, “நல்லா இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போவார். சண்டை முடிந்து ஊரே மறந்துபோன சமயத்தில் ஒரு நாள் கித்தான் பையோடு வந்து இறங்கினான். அமெரிக்கப் பட்டாளத்துக்கே சமையல்காரனாக இருந்தானாம். பெரிய குக்காம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

“கோழி வறுப்பாங்க பாரு, வேட்டியில கஞ்சி போட்ட மாதிரி மொறுமொறுன்னு நிக்கும். ஒருத்தன் கடிச்சா பத்து கூடாரத்துக்குக் கேக்கும். கலரு, புதுப் பித்தளை. வாசனை மலை தாண்டும்.”

கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். இருதயமேரியின் அண்ணன் தேவசகாயம் மட்டும் பிளக்கவில்லை. அனந்தபுரத்தில் மாட்டுத் தரகு பார்க்கிறவர் அவர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல மனுஷனையும் பார்ப்பார். ஒரு நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போதே சொல்லிவிட்டார்: “அசாமாவது ஒண்ணாவது. மெட்ராசுல எவ கூடவோ குடும்பம் நடத்திட்டு வந்திருக்கான்.”

இது இருதயமேரியின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதானே அவர் சொன்னதே.

தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடுகளில் எல்லாம் கறி கமகமக்கும். மறுபடி நாற்பது நாள் நோன்பு முடிந்து, ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளில்தான் கறி என்பதால் அன்றைக்கு ஒரு வெட்டு வெட்டிவிடுவார்கள். அன்று தேவசகாயம் வந்து உட்கார்ந்துகொண்டு, “மாப்ள, அந்தப் பட்டாளத்துக் கோழிய இன்னிக்கு நீயே வறுத்துக் காட்டேன்” என்றார். மதலைமுத்துவுக்கு வேறு வழியில்லை, அடுப்படியில் நுழைந்தான். மாவு எண்ணெயில் கழன்று மிதந்தது. கோழி வெளியே கரி, உள்ளே பச்சை இரத்தம். தேவசகாயம் சிரித்த சிரிப்பில் அவர் தோள்துண்டு கீழே விழுந்தது.

“குக்காம், குக்கு!”

“பட்டாளத்து அடுப்பு வேற மச்சான், வூட்டு அடுப்பு வேற” என்றான் மதலைமுத்து. சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவன் சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் இருதயமேரி சுவரோரம் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அக்கா, அவரு அங்கதான் இருந்தாரா, வேற எங்கியாவது இருந்தாரா? எனக்குத் தெரிஞ்சாவணும்.”

“அவனையே கேளேன்டி.”

“கேட்டா அங்கதான்னு சொல்லுவாரு. எவ கூடவோ இருந்தவனும் அதத்தான் சொல்லுவான். நான் வேற மாதிரி பாக்கறேன். அவரு சொல்றத மட்டும் வெச்சு அந்தக் கோழிய நான் செய்யப்போறேன். இல்லாத கோழிய ஒருத்தன் எம்மாந்தூரம் சொல்ல முடியும்? அது வந்துச்சுன்னா அவரு கண்ணால பாத்திருக்காரு. வரலன்னா...”

என்னால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “புதன்கிழமை உங்களுக்குத் தபசு காலம் வந்துடுதே. கறிச்சட்டியக் கழுவிப் பரண்ல கவுத்துடுவீங்களே.”

“பாஸ்குக்கு எங்கண்ணன் திரும்பவும் வருது. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தின்னக் கூடாதுன்னுதான் சாமியாரு சொல்லியிருக்காரு. வறுக்கக் கூடாதுன்னு சொல்லல.”

“அப்ப யாரு தின்னுறது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கோழிகளைப் பார்த்தேன். பாவம், அவை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

இப்படித்தான் என் வீட்டுக் கொல்லையில், என் சட்டியில் வேலை தொடங்கியது. புருஷனிடம் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கஞ்சி ஊற்றும்போது ஒரு கேள்வி, கயிற்றுக்கட்டிலை இழுத்துப்போடும்போது ஒரு கேள்வி. கிடைத்ததை என்னிடம் கொண்டுவந்து கொட்டுவாள். அவன் சொன்னவை வினோதமாக இருந்தன. அண்டா அடியில் வெள்ளையாக, புளிப்பு வாடையோடு என்னவோ ஒட்டியிருக்குமாம். தட்டில் மாவு கட்டிகட்டியாகக் காய்ந்திருக்குமாம், அதில் கருப்புப் பொட்டு இருக்குமாம். எண்ணெய்ச் சட்டியின் அடியில் தூள் கருகிப் பிடித்திருக்குமாம்.

“புளிப்புன்னா மோருதான்” என்றாள் இருதயமேரி. “கருப்புப் பொட்டு மிளகு. ஆனா எத மொதல்ல போடுவாங்கன்னு கேட்டா மட்டும் எழுந்து போயிடறாரு.”

“சமைச்சவனுக்கு வரிசை தெரியாதாடி?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு அவள் அடுப்பே மூட்டவில்லை.

ஆனால் விட்டாளா? விடவில்லை. முதலில் அரிசி மாவு. அதைக் கடித்ததில் என் கடைவாய்ப் பல் ஆடியது, இன்றைக்கும் ஆடுகிறது. அடுத்து கடலை மாவு. “இது பஜ்ஜிடி, உள்ள வாழைக்காய்க்குப் பதிலா கோழி மாட்டிக்கிச்சு” என்றேன். முற்றின கோழி ஒன்றை வறுத்ததில் அரைநாள் மென்றுகொண்டே இருந்தேன். அப்புறம் இளசான விடைக்கோழிதான் சரி என்று தெரிந்தது. தோலை உரிக்காமல், மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டி, மோரில் ஊறப்போட்டாள்.

மாவுக்குத்தான் வழி தெரியவில்லை. அந்த வருஷம் அரிசியைக் குறைத்து ரேஷனில் கோதுமையைத் தள்ளினார்கள். எங்கள் பக்கத்தில் அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது. கஞ்சி காய்ச்சினால் பசை மாதிரி வரும், திட்டிக்கொண்டே குடிப்போம். ஒரு நாள் மதலைமுத்து அந்தக் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே, “அங்க மாவும் இப்டித்தான் வுடாம ஒட்டிக்கும்” என்றானாம். இவள் அப்படியே எழுந்து என்னிடம் ஓடி வந்தாள். இருவருமாக உட்கார்ந்து எந்திரக்கல்லில் கோதுமையை அரைத்து, பழைய சேலைத் துணியில் சலித்தோம். உப்பும் மிளகும் கலந்து, மோரில் ஊறின கோழியை அதில் புரட்டினாள். செக்கில் ஆட்டின கடலை எண்ணெய். கலர் வந்தது பார், புதுப் பித்தளையேதான்!

ஆனால் மொறுமொறுப்பு வரவில்லை. என் வாய்க்குப் போவதற்குள் நமுத்துப்போனது.

“நல்லாத்தான் இருக்குது மேரி” என்றேன். நான் எதைத் தின்றாலும் நல்லாத்தான் இருக்கும்.

“உன் நாக்க நான் நம்ப மாட்டேன். என் காதுக்குக் கேக்கணும். கடி.”

கடித்தேன். சத்தமே இல்லை. மறுபடி வறுத்தாள், மறுபடி கடித்தேன். தீயைக் கூட்டினாள், குறைத்தாள், மாவைத் தடிமனாக்கினாள், மெல்லிசாக்கினாள். வறுக்கும்போது ‘சர்’ரென்று அருமையாகத்தான் பொரியும். வாய்க்கு வரும்போது ஈரத்துணி. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் அந்த மெட்ராஸ்காரி வந்து உட்காருவது எனக்கே தெரிந்தது. என் கோழிக்கூடும் காலியாகிக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு, “நரி வருதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு நாள் அவள் சட்டியிலிருந்து எடுத்துப் பாத்திரத்தில் போட்டவுடன், எனக்குப் பொறுக்காமல் ஒரு தொடையை உருவிக்கொண்டேன். சுடச்சுட ஊதிக் கடித்தேன். மொறுக்! அந்தச் சத்தத்துக்குச் சுவர்மேல் இருந்த காக்கை பறந்தது. இருதயமேரி கையில் மூடியோடு அப்படியே நின்றாள்.

மூடி! அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. தபசு காலத்தில் கறி வாசனை தெருவுக்குப் போய், கோயிலுக்குப் போகிறவர்கள் மூக்கில் ஏறினால் மானம் போகும் என்று, ஒவ்வொரு தடவையும் வறுத்த கையோடு மூடிவைத்துவிடுவாள். உள்ளே ஆவி வேர்த்து ஊற்றி, கோழி நனைந்துவிடும். மாவுக்கும் தீக்கும் ஒரு குற்றமும் இல்லை. அத்தனை கோழியையும் பாழாக்கியது அவள் பக்திதான்.

“மாதாவே, என்ன மன்னிச்சுடு” என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கிணற்றடிக்கு வீசினாள். மிச்சத் துண்டுகளை மூங்கில் தட்டில் பரப்பி ஆறவிட்டாள். “இப்ப கடிக்கா” என்று எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கடித்தேன். அவள் தொண்டை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கினாள், பாவம்.

“இதேதான். அவரு சொன்ன சத்தம் இதேதான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ருசி எப்டி இருக்குது, சொல்லேன்” என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். மேலே உப்பும் மிளகுக் காரமும் சுருக்கென்று நாக்கில் பிடிப்பது, உள்ளே கறி வெண்ணெய் மாதிரி கழன்று வருவது, எலும்போரம் லேசான புளிப்பு என்று நிறுத்தாமல் சொன்னேன். தின்றவளால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், அவள் கண்ணைத் திறந்து என்னையே வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, இதுல ஒண்ணுகூட அவரு சொன்னதில்ல.”

“எது?”

“ருசி. உப்புன்னு சொல்லல, காரம்னு சொல்லல. சத்தம் சொன்னாரு, கலரு சொன்னாரு, வாசனை சொன்னாரு. அண்டாவுல ஒட்டுனது, தட்டுல காஞ்சது, சட்டியில கருகுனது, அம்புட்டும் சொன்னாரு.” மூச்சு விட்டாள். “நானும் இத்தினி நாளா சத்தத்தயும் வாசனையயும்தானேக்கா புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் வாயில ஒரு துண்டு பட்டுச்சா? அவரும் இப்டித்தான் இருந்திருக்காரு. அவரு வறுக்கல. தின்னவும் இல்ல. அவங்க தின்ன பாத்திரத்தக் கழுவியிருக்காரு.”

எனக்குக் கையிலிருந்த தொடை கனத்தது.

“எவ கூடவும் இல்லக்கா. அங்கதான் இருந்திருக்காரு” என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. “எனக்கு ஒரு தபசு காலம்தான். அவரு அத்தினி வருசமும் அந்த வாசனையிலயே நின்னு கழுவிக்கிட்டிருந்திருக்காரே. பாவம்க்கா, என் புருசன்.”

அவள் அழுதாள், நானும் அழுதேன். அந்தத் தொடையை மட்டும் கீழே வைக்கவில்லை, அது வேறு விஷயம். இதை அவனிடம் இப்போது சொல்ல வேண்டாம், பாஸ்கு அன்றைக்கு முதல் துண்டு அவனுக்கு என்று முடிவு செய்தோம்.

பாஸ்குத் திருநாள் வந்தது. பூசை முடிந்து தேவசகாயம் புது வேட்டியில் வந்து இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மதலைமுத்து. கோழி கொடுத்தவள் என்ற உரிமையில் நானும் போய் வாசற்படியில் நின்றேன். இருதயமேரி மூங்கில் தட்டை எடுத்துவந்து முதல் துண்டைப் புருஷன் இலையில் வைத்தாள். பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. அதே கோழி அல்லவா!

தேவசகாயம் தன் துண்டைக் கடித்தார். மொறுக். நிறுத்தினார். மறுபடி கடித்தார். “அடேயப்பா!” என்றார். பிறகு அந்தத் தரகர் புத்தி எழுந்துகொண்டது. “இன்னா மாப்ள, அங்க தின்ன மாதிரியே இருக்குதா? உப்பு ஒறப்பெல்லாம் அதேதானா?”

மதலைமுத்து துண்டைக் கையில் எடுத்தான். மெதுவாகக் கடித்தான். மென்றான். விழுங்கியபோது கண்ணில் நீர் நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது.

“எனக்குத் தெரியாது மச்சான்” என்றான். “அவங்க கோழி அவங்களுக்கு, எங்களுக்கு அரிசியும் பருப்பும். எங்கிட்ட எலும்பும் பாத்திரமும்தான் வரும். நான் கழுவுனவன். ருசி இன்னிக்குத்தான் தெரியுது.”

தேவசகாயம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயமேரி இன்னொரு துண்டை எடுத்துப் புருஷன் இலையில் வைத்தாள். அதன் மேல் இன்னொன்று. “தின்னுங்க” என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

“அண்ணே, எம் புருசன் எங்க இருந்தாருன்னு கோயில் வாசல்ல நின்னு சொன்னியே. இப்பத் தெரிஞ்சுதா? தின்னுட்டு எழுந்து போயி, இன்னிக்குப் பாத்திரத்த நீ கழுவு.”

ஆண்பிள்ளை, அதுவும் பிறந்த வீட்டு அண்ணன்! கத்திக் குதிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தின்று முடித்தார். புது வேட்டியை மடித்துக் கட்டினார். அண்டாவையும் தட்டையும் எண்ணெய்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சண்டாளி நான், பார்க்காமல் இருப்பேனா? கூடவே போய் நின்றுகொண்டேன்.

தேய்த்தார், தேய்த்தார், போகவில்லை. கடைசியில் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்: “மாப்ள, அடியில வெள்ளையா புடிச்சிக்கிட்டு வரமாட்டுதே!”

உள்ளேயிருந்து, வாய் நிறையக் கோழியோடு, மதலைமுத்து பதில் சொன்னான்:

“வெறுந்தண்ணிய ஊத்தித் தேய்க்காத மச்சான். மொதல்ல சாம்பலப் போட்டு ஊற வுடு. அப்புறம் தேயி.”