ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்குப் பிறகு

"…கழட்டிக் குடுக்க நான் விடமாட்டன். வீட்டில ஒரு போன் இருக்கவேணும், ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிச்சு முடிய நான் அதுக்குப் பக்கத்தில இருக்கவேணும் எண்டு அண்டைக்கு நீர்தானே றீற்றா கேட்டனீர்?"

போன ஞாயிறு, டென்மார்க்கில் எஸ்பியர்க் நகரத்தில் எங்கள் வீட்டு மேசையில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவர் அன்ரன் சொன்னது இது. வாசலுக்குப் பக்கத்தில் ஒருவரும் பாவிக்காத பழைய கம்பிப் போன் ஒன்று இருக்கிறது. எல்லாரிடமும் கைப்போன் இருக்கிறபோது இது எதற்கு, நிறுத்திவிடுவோம் என்று மகள் டேனிஷில் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குத்தான் இந்தப் பதில். நான் அவரிடம் அப்படி ஒன்றை என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் அவர் எந்த நாளைச் சொல்கிறார் என்பது மட்டும் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவி, பேய் என்கிற கதைகள் எனக்குச் சரிவராது. மன்னாரில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப்பக்கம் சவக்காலை. கல்லறைகளுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்து விளையாடி வளர்ந்தவள் நான். ஆகவே நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தபோது எங்களை எங்கே வைப்பதென்று இந்த நாட்டுக்காரருக்கும் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், இருபது வயது கடந்தபின் ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் போய்ச் சேர்ந்தேன், அகதியாகத்தான். ஸ்கீவ என்ற சின்ன நகரத்துக்கு அங்கால், வயல்களுக்கு நடுவில் செங்கல் கட்டடம். பள்ளிக்கூடத்தை மூடிப் பல காலம் சும்மா கிடந்ததைத் திறந்து முகாமாக்கியிருந்தார்கள். வகுப்பறைகளில் பெடியங்கள் படுத்தார்கள். அவர்களுடைய தலைமாட்டில் பன்றியை எந்தெந்தத் துண்டாக வெட்டுவது என்று காட்டும் படம் தொங்கியது.

முகாமில் வேலை செய்த இங்கர் என்ற டேனிஷ்காரி இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கதை சொல்வாள். கமக்காரர்களுடைய, கடைக்காரர்களுடைய பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன் இங்கே வந்து தங்கிச் சமையல், தையல், இஸ்திரி பிடிப்பது எல்லாம் படிப்பார்களாம். ரப்பர்ப் பொம்மையை வைத்துக் குழந்தை குளிப்பாட்டவும் பழக்குவார்களாம். நீல ஏப்ரன் கட்டி, இரண்டிரண்டு பேராகக் கோயிலுக்கு நடப்பார்களாம். படிக்கட்டுச் சுவர் முழுக்க வருடத்துக்கொரு படம் மாட்டியிருந்தது. மேலே ஏற ஏறப் படத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போனார்கள். கடைசிப் படத்தில் ஒரேயொரு வரிசைதான். ஊர்ப் பெட்டைகள் பெடியங்களோடு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்க, இஸ்திரி பிடிக்கப் படிக்க யார் வருவார்கள்?

அங்கே நான் படித்த முதல் டேனிஷ் சொல் 'வென்ட்'. பொறு என்று அர்த்தம். விசாரணைக்குப் பொறு, வைத்தியருக்குப் பொறு, கடிதத்துக்குப் பொறு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மாணவிகளின் சமையல் அடுப்புகள் வரிசையாக மினுங்கிக்கொண்டு நிற்கும். கதவு பூட்டு. எங்களுக்குக் கிடைப்பது அவித்த உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும். பக்கத்து அறை யோகன் அண்ணை தட்டைப் பார்த்து, "எங்களையும் கிழங்கையும் ஒரே மாதிரித்தான் வைச்சிருக்கினம் தங்கச்சி, அவிச்சு மூடி" என்பார். எனக்குச் சிரிப்பு வரும், அழுகையும் வரும்.

அன்ரனுக்கு என்னை ஊரிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவர் எனக்கு முந்தியே வந்து, விசா கிடைத்து, எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒருவரையொருவர் திருவிழாவில் ஒரு தரம் தூரத்தில் கண்டதோடு சரி. நான் வந்ததை அறிந்து எழுதினார். "பெரியாக்கள் பேசினது பேசினபடி இருக்கட்டும். உமக்கு விருப்பமோ எண்டு உம்மட வாயாலதான் கேக்கவேணும். இல்லையெண்டால் அம்மாவுக்கு எழுதி நிப்பாட்டுறன். போன் நம்பர் அனுப்பும்." அந்தக் காலத்தில் எங்களிடம் யார் இப்படிக் கேட்டது? அந்த ஒரு கேள்விக்காகவே அவரைப் பிடித்துவிட்டது. ஓம் என்று சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன்.

கீழே காசு போட்டுக் கதைக்கிற போனைச் சுற்றி எந்நேரமும் ஆண்கள் கூட்டம். அவர்களுக்கு நடுவில் நின்று கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல என்னால் முடியுமா? மேல்மாடி மூலையில் ஒரு சின்ன அறை, அலுமாரி மாதிரி, உள்ளே ஒரு முக்காலி, சுவரில் கறுத்த ரெலிபோன். சுழற்றுகிற வட்டத்தின் நடுவில் அதன் நம்பர் எழுதியிருந்தது. அதைப் பார்த்து எழுதி அனுப்பினேன், பின்னேரங்களில் போன் எடுங்கோ, பக்கத்திலேயே இருப்பேன் என்று.

இருந்தேன். கிழமைக்கணக்காக இருந்தேன். அது அடிக்கவேயில்லை. தூக்கிக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை, எனக்கு அது பிழையாகவும் தெரியவில்லை. ஊரில் தபால் கந்தோரில் யாரோ பிடித்துத் தருகிற போனைத்தான் கண்டிருக்கிறேன். ஆள் கதைக்காவிட்டால் போன் பேசாமல்தானே இருக்கும் என்று நினைத்தேன். "கொக்கெண்டாலும் இடைக்கிடை இடம் மாறி நிக்கும் தங்கச்சி" என்றார் யோகன் அண்ணை. மனம் வெந்துபோய்விட்டது. கேட்பேன் என்று எழுதிவிட்டுக் கேட்காமல் விடுகிறவர் என்ன மனுசன்?

ஒரு சனிக்கிழமை அவரே வந்து நின்றார். கோட்டில் பனி, முகத்தில் நெருப்பு.

"விருப்பமில்லையெண்டால் நேர சொல்லும். இன்னொருத்தியை விட்டு ஏன் என்னைக் கலைக்கிறீர்?"

"ஆரை விட்டனான்? நான்தான் ஒவ்வொருநாளும் பக்கத்தில இருந்தனான். நீங்கள் எடுத்தால்தானே அடிக்கும்."

"எடுக்கேல்லையோ? வேலை முடிஞ்சு மீன் நாத்தத்தோட நிண்டு எடுக்கிறன். ஒரு வயசான பொம்பிளை தூக்கி டேனிஷில ஒரே வசனத்தைச் சொல்லிப்போட்டு வைக்கிறா. எனக்கு அது பாடமாகிப் போச்சு."

சத்தம் கேட்டு வந்த இங்கர், அது தொலைபேசிக் கந்தோரின் பதிவுக் குரலாக இருக்கும், இந்த நம்பர் பாவனையில் இல்லை என்று சொல்லியிருக்கும் என்றாள். அன்ரன் கேட்டபடியே ஒப்புவித்தார். முடிவில் 'சொண்டே எஃப்தர் கஃபன்' என்று வந்தது. இங்கர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாணவிகள் போனுக்கு வரமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்குப் பிறகு எடுக்கவும். அதுதான் அந்த வசனம். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சரை, அவர்கள் வழக்கப்படி, ஃப்ரோக்கன், அதாவது மிஸ், என்று கூப்பிடுவார்களாம். பெற்ற தாய் எடுத்தாலும் காதலன் எடுத்தாலும் ஃப்ரோக்கன் இதையே இதே மாதிரிச் சொல்லி வைத்துவிடுவாவாம். பள்ளிக்கூடம் மூட முந்தியே செத்துப்போனாவாம். இங்கர் எங்களை மேலே கூட்டிக்கொண்டு போய் முக்காலியை நகர்த்திக் காட்டினாள். போனிலிருந்து இறங்கிய வயர் பாதியில் வெட்டி விட்டபடி தொங்கியது. வெட்டின நுனியில் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ற் காய்ந்திருந்தது.

அன்ரன் நம்பவில்லை. "நீரும் இவவும் சேர்ந்து எனக்கு விளையாட்டுக் காட்டுறியள்" என்றார். எனக்கும் அவரில் சந்தேகம்தான். அன்றிரவு யோகன் அண்ணையின் அறையில் படுத்தார். மறுநாள் கோப்பி முடிய எழும்பி, "ஞாயிறெண்டால் விடுவாவாமே, பாப்பம்" என்று வீம்புக்குக் கீழே காசுப் போனில் அந்த நம்பருக்கு எடுக்கப் போனார். இங்கரும் நானும் மேலே அந்தச் சின்ன அறை வாசலில் நின்றோம். இங்கர் வெட்டின வயர் நுனியைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். வெளியே நல்ல வெயில், பனியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற சத்தம். போன் அடிக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் அப்படியே நின்றோம்.

அன்ரன் படியேறி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"சம்மதமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே றீற்றா. எனக்கு அது காணும். நீர் போனில கேட்டதுகளையும் செய்வன்."

என்ன சொல்கிறார் என்று இங்கர் என் கையைச் சுரண்டினாள். கதைத்தது நானில்லை என்று அந்த இடத்தில் சொன்னால், சம்மதமில்லை என்றல்லவா ஆகிவிடும். நான் சொல்ல இருந்ததைத்தான் யாரோ சொல்லியிருந்தார்கள். தலையை ஆட்டினேன்.

கல்யாணம் முடிந்தது, பிள்ளைகள் வந்தார்கள். நல்ல மனுசன், குறை சொல்ல ஏலாது. ஆனால் அன்றைக்கு நான் என்னதான் கேட்டேன் என்று எத்தனையோ விதமாக விசாரித்துப் பார்த்துவிட்டேன். "உம்மட வாயால கேட்டதை என்னட்டைக் கேட்டால்?" என்று முகத்தைத் திருப்புவார். எரிச்சலாக இருக்கும். என் புருசன் யாருக்குச் சொல்லுக் கொடுத்து என்னைக் கட்டினார்? ஞாயிறுகளில் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார், கோயிலால் வந்தால் வீடுதான். உதைபந்தாட்டம் பார்க்கத்தான் என்று நானும் இத்தனை காலம் ஏசிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறுதான் பதில் வந்தது. மகள் தோளைக் குலுக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனியும் அடக்க என்னால் முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. அண்டைக்கு மேல போன் அடிக்கவேயில்லை. நான் உங்களோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கோப்பையில் மிச்சமிருந்த கோப்பியைக் குடித்தார். எழும்பிப்போய் வாசல் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அது அடிக்கவில்லை. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, கொஞ்ச நேரம் கேட்டு, "ஓம் றீற்றா, இஞ்சதான் இருக்கிறன், சொல்லும்" என்றார்.