கேமராவுக்குத் தெரியாத நீலம்

குழந்தைகளுக்குப் படம் போடுகிறவன் எப்போதும் சிரித்த முகமாக இருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என் முதல் புத்தகத்துக்குப் படம் போட்ட நாட்களில் செத்துப்போனால் தேவலை என்றுதான் இருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "புத்தகத்துல ஒம் பேரு அச்சாகி வரட்டும், ஒத்துக்கிறேன். இல்லேன்னா படங்கிடம்னு பேசாம கடையில வந்து ஒக்காரு."

சென்னைப் பதிப்பகம் ஒன்று கேட்ட பன்னிரண்டு படங்களையும் போட்டு அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தன. நான் போட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் நீல மையில். அச்சுக்குப் பிளாக் எடுக்கிற கேமராவுக்கு நீலம் தெரியாதாம். வெறும் வெள்ளைத்தாளாக விழுந்ததாம். பத்து நாளில் கறுப்பு மையில் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அட மடையா, இதுகூடத் தெரியாமல் நீயெல்லாம் ஓவியனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போடிக் கடைகளில் படம் போடும் கறுப்பு மை கிடைக்கவில்லை. விளக்குக் கரியை வேலம்பிசினில் குழைத்துப் பன்னிரண்டு படங்களையும் மறுபடி போட்டேன். ஆடிச் சாரலில் அது காயவே இல்லை. தொட்டால் படத்திலிருந்த முயலின் காது விரலோடு வந்தது. ஏலக்காய் உலர்த்தும் சூட்டறைக்கு ஓடி, அங்கே நெருப்புப் பார்க்கிறவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாரே, காய் கெட்டா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு," என்றார்.

"அண்ணே, ஒங்க காலுல விழுறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம். வெரசா கொண்டாங்க."

இரண்டு நாள் காய்களுக்கு நடுவே படங்கள் காய்ந்தன. ஏழாம் நாள் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கி, போடியில் தபாலில் சேர்த்தேன்.

தீபாவளிக்கு முன்னால் புத்தகம் வந்தது. படங்கள் என்னுடையவைதான், ஒரு கோடு குறையவில்லை. கடைக்குப் போய் அப்பா கையில் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், உள்பக்கம் பார்த்தார், கடைசித் தாள்வரை எழுத்துக் கூட்டித் தேடினார். எழுதியவர் பெயர் இருந்தது, அச்சகத்தின் பெயர் இருந்தது. படம் போட்டவன் பெயரை யாரும் போடவில்லை.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இரு அப்பு, இங்கனதான் எங்கயாச்சும் இருக்கும்," என்றார்.