வெயிலுக்கும் சேர்த்துப் போட்ட ஐஸ்

சாரம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் பரீட்சை எழுதிவிட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் காலை ஆட்டிய ஆட்டத்தில் பெஞ்சே நடுங்கியது. கன்னம் ஒட்டிய முகம், காய்ப்புக் காய்த்த கை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிறவராம். வயது வரம்பின்படி இதுதான் அவருக்குக் கடைசிப் பரீட்சை.

“அந்த ஐஸ் கணக்குக்கு என்ன சார் போட்டீங்க?” என்றார்.

பத்துப் பெட்டி மீனுக்கு நாற்பது கிலோ ஐஸ் என்றால், இருபத்தைந்து பெட்டிக்கு எவ்வளவு என்பது கேள்வி.

“நூறு. நேர் மாறல்தானே, பெட்டிக்கு நாலு கிலோ.”

“எனக்கும் நூறுதான் வந்துச்சு. அப்புறம் நூத்தி இருபதுன்னு மாத்திட்டேன்.”

“ஏங்க?”

“இருபத்தஞ்சு பெட்டி ரொப்பி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும் சார். நூறு பத்தாது.”

“கணக்குல வெயில் இல்லையே.”

“மீனு இருக்குல்ல” என்றார். அதைச் சொன்னபோது மட்டும் கால் ஆடவில்லை.

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்தது. பேர் கேட்டு வைக்காததால், அவருக்குக் கிடைத்ததா என்று பார்க்க வழியில்லை. இப்போதும் வெயில் ஏறினால், நூறு கிலோ ஐஸோடு நான் விட்டுவிட்டு வந்த அந்த மீன் கெட்டிருக்குமோ என்று மனசு கிடந்து தவிக்கிறது.