இருபத்திரண்டு டிகிரி

அந்த ஆய்வகத்தில் அவளை மைக்ரான் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மெழுகில் புதைத்த உடல் திசுவை இயந்திரக் கத்தியில் பொருத்தி, தலைமுடிக் கனத்தில் இருபதில் ஒரு பங்காக, நாலு மைக்ரானுக்குச் சீவுவது அவள் வேலை. சீவிய ஏடு வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமில்லாமல் மிதக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் கூட மடங்கிவிடும். பத்தொன்பது வருடங்களாக மூச்சைப் பிடித்தே பிழைப்பு நடத்தியவள். "எங்கக்கா நறுக்கின தக்காளி வழியா பேப்பர் படிக்கலாம்" என்று அவள் தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

அன்று காலை பதினொரு மணிக்கு, பேராசிரியர் அம்மா அரக்கு வைத்த உறையைப் பிரித்தபோதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

உறைக்குள் இருந்தது இருபத்துநாலு எலிகளின் பட்டியல். பன்னிரண்டு எலிகள் மூன்று மாதம் சூட்டறையில் வளர்ந்தவை. தினமும் ஆறு மணி நேரம் முப்பத்தெட்டு டிகிரி வெப்பம் அவற்றுக்கு. மற்ற பன்னிரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருபத்திரண்டு டிகிரி குளிர் அறையில் சொகுசாக வளர்ந்தவை. எல்லா எலியின் சிறுநீரகத்தையும் அவள்தான் சீவிச் சாயமேற்றினாள். ஏடு ஒட்டிய கண்ணாடித் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும். எது எந்த அறை எலி என்று அவளுக்கும் தெரியாது, நுண்ணோக்கியில் பார்த்துச் சேதத்துக்கு மதிப்பெண் போட்ட பேராசிரியருக்கும் தெரியாது.

பேராசிரியர் இரண்டு அறை எலிகளின் மதிப்பெண்களையும் தனித்தனியே கூட்டினார். இன்னொரு தரம் கூட்டினார்.

"வித்தியாசமே இல்லையே" என்றார். "சூட்டறையிலயும் சேதம், குளிர் அறையிலயும் சேதம். கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்ப வெப்பம் காரணம் இல்ல."

அவள் பட்டியலை வாங்கித் தானும் ஒரு தரம் கூட்டிப் பார்த்தாள்.

காரணம், தம்பி. கண்ணாடி ஆலையில் உலைக்கு நேர் எதிரே பதினோரு வருடம் நின்றவன். முப்பத்துநாலு வயதில் இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டது. அவனோடு அதே உலையில் நின்ற ஆறு பேருக்கும் அதே கதி. ஆலை நிர்வாகம் ஏழு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, கண்ட சரக்கையும் குடித்து, கண்ட மாத்திரையையும் விழுங்கி, அவர்களே உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருந்தது. தம்பி டீயில் கூடச் சர்க்கரை அளந்து போடுகிற ஆள். ஏழு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, பழியையும் அவர்கள் தலையிலேயே கட்டுகிற அந்தச் சாமர்த்தியம் இருக்கிறதே, அதற்கு எந்த உலையில் வேக வைத்தாலும் சேதம் வராது.

விசாரணை அதிகாரி இந்த ஆய்வகத்திடம் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: தொடர் வெப்பம் மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்குமா? பதில் இன்று மூன்று மணிக்குக் கையெழுத்தாக வேண்டும். அதிகாரியும் ஆலை டாக்டரும் நேரிலேயே வருகிறார்கள்.

தம்பி விஷயத்தை அவள் முதல் நாளே பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். "எண் போட்டுத்தானே தர்றோம், நீ வேலையைப் பாரு" என்றிருந்தார் அவர். இப்போது அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எலி சொல்றதைத்தான் நாம சொல்ல முடியும்."

"எலி என்ன சொல்லுதுன்னு இன்னொரு தரம் பாத்துட்டு வரேன் மேடம்" என்று சொல்லி, குளிர் அறைத் தகடுகளை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கிக்குப் போனாள்.

சீவுகிறவள் தானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பது வருடத்தில் அவள் பார்த்த சிறுநீரகத்தை அடுக்கினால் ஒரு தெரு நிறையும். கண்ணை வைத்தாள். நுண்குழாய்களின் உட்சுவரில் செல்கள் மழையில் நனைந்த சுண்ணாம்பு போல உதிர்ந்து, குழாயை அடைத்துக் கிடந்தன. தண்ணீருக்குத் தவித்த சிறுநீரகம் இப்படித்தான் இருக்கும். சொகுசாக வளர்ந்த எலிக்கு எதற்குத் தவிப்பு?

எலிகளைப் பார்த்துக்கொண்ட கூண்டுக்காரர் பின்கட்டில் காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மனிதர்களிடம் முறைப்பாகவும் எலிகளிடம் மரியாதையாகவும் பேசுகிறவர்.

"அண்ணே, குளிர் அறை எலிங்க எப்பவாச்சும் சோர்ந்து கெடந்துச்சா?"

"திங்கக்கெழமையில கொஞ்சம் மந்தமா இருக்கும். நமக்கே திங்கக்கெழமை மந்தம்தானே தங்கச்சி."

"வெளையாடாதீங்கண்ணே. தண்ணி?"

"அதான் மூடி ஒழுகிட்டு இருந்துச்சே! வெள்ளிக்கெழமை சாயங்காலம் முழுசா ரொப்பி வெச்சுட்டுப் போவேன், திங்கக்கெழமை வந்தா பாட்டில் காலி. ரப்பர் மூடி கேட்டுக் கேட்டு என் தொண்டையே வறண்டுபோச்சு. மூணு தரம் மாத்தினேன். அப்பவும் ஒழுகல் நிக்கல."

"கூண்டு ஈரமா இருந்துச்சா?"

அவர் கையிலிருந்த தேய்ப்பானை நிறுத்தினார்.

"இல்லையே" என்றார். "மரத்தூள் காஞ்சுதான் கெடந்துச்சு."

"அப்ப ஒழுகல. குடிச்சிருக்கு."

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அலமாரிக்கு மேலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஓரமெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. பன்னிரண்டு வாரத்தின் அளவும் அதில் இருந்தது. மற்ற நாட்களில் குளிர் அறை எலி எவ்வளவு குடித்ததோ, சனி ஞாயிறில் நாளொன்றுக்கு அதைப்போல இரண்டு பங்கு. சூட்டறை எலி குடித்ததற்குச் சமம். எலிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதனால் பொய்யும் சொல்லத் தெரியாது. தாகம் எடுத்தால் குடிக்கும், அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியனை அவள் தேடிப் பிடித்தபோது மணி பன்னிரண்டு. அவன் ஏணியில் நின்றபடியே பதில் சொன்னான்.

"அந்தப் பக்கத்து ஏசி எல்லாம் வெள்ளி ஆறு மணிக்கு அணைஞ்சிடும்க்கா. திங்க காலையில ஆறுக்குத் தானா வந்துடும். சிக்கனத்துக்குன்னு ஆபீஸ்லேர்ந்து உத்தரவு. நாலு மாசம் ஆச்சே? சூட்டறைக்குத் தனி லைன், அதைத் தொடல."

"உள்ள உயிர் இருக்குன்னு யாரும் யோசிக்கலையாடா?"

"உத்தரவுல எலின்னு போடலையேக்கா."

தகரக் கூரைக்கு அடியில் ஜன்னலில்லாத அறை. வெயில் காலம். இரண்டு பகலும் மூன்று இரவும் மூடிக் கிடக்கும். திங்கள் எட்டரைக்கு ஆட்கள் வருவதற்குள் அறை குளிர்ந்து ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. நேராகப் போய், குளிர் அறைக் கதவில் தொங்கிய வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்தாள்.

சனி, 22. ஞாயிறு, 22. அடுத்த வாரமும் 22, 22. பன்னிரண்டு வாரம், இருபத்துநாலு நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவளுடைய கையெழுத்து.

அறை வெப்பத்தைத் தினமும் பார்த்துக் குறிப்பது அவளுடைய கூடுதல் வேலை. ஆனால் சனி ஞாயிறில் அவள் வந்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் மூன்று நாளுக்கும் சேர்த்தே எழுதிவிடுவாள். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். இந்தக் கட்டடத்தில் எந்தக் கதவில் தொங்கும் பதிவேடும் அப்படித்தான். காகிதத்தில் இருபத்திரண்டு என்று எழுதிவிட்டால் அறை குளிர்ந்திருக்கும் என்று நம்புவது, தாயத்துக் கட்டினால் காய்ச்சல் இறங்கும் என்பதைவிட ஒரு படியும் உயர்ந்த அறிவல்ல. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு செய்ததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அவளை உள்ளே அறுத்தது வேறு ஒன்று. போன வருடம் தம்பி ஒரு நாள் சொல்லியிருந்தான்: "உலைக்கிட்ட வெப்பம் அளக்கற நோட்டுல எங்க மேஸ்திரி மாசத்தொடக்கத்துலயே முப்பதுன்னு முப்பது தரம் எழுதிடுவாருக்கா." அன்று அவள் அந்த மேஸ்திரியைக் கொலைகாரன் என்றாள். அவன் கையில் புழு வைக்கட்டும் என்றாள். இப்போது தன் கையைப் பார்த்தாள்.

தொலைபேசி அடித்தது. தம்பி.

"என்னக்கா, எலிங்க நம்ம கட்சியா, அவங்க கட்சியா?"

"இன்னும் ஓட்டு எண்ணலடா."

"மூணு மணிக்குன்னாங்களே. உலையில நின்ன எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்கோம். உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"வேலையா இருக்கேன். வெச்சிடு."

ஒரு வழி இருந்தது. பதிவேடு தொலைந்துபோகலாம். தண்ணீர்க் கணக்கை மட்டும் நீட்டினால் போதும், அவள் பெயர் அடிபடாது. ஆனால் பதிவேடு இல்லாவிட்டால் ஆலை டாக்டர் விடுவாரா? அறை இருபத்திரண்டில் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்பார். அந்த எண்கள் பொய் என்று சொல்லக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். எழுதியவள்.

திரும்ப எலக்ட்ரீஷியனிடம் போனாள். "குளிர் அறை இப்ப காலிதானே? ஏசியை அணைச்சிடு."

"எதுக்குக்கா?"

"மூணு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் நான்கு பேர். விசாரணை அதிகாரி வாயை அதிகம் திறக்காதவர். ஆலை டாக்டர் திறந்த வாயை மூடாதவர். பேராசிரியர் அறிக்கையைப் படித்து முடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சொன்னாள். தண்ணீர் நோட்டு, உத்தரவு, தகரக் கூரை. பிறகு பதிவேட்டை மேஜையில் வைத்தாள். "இதுல சனி ஞாயிறு எண்ணெல்லாம் நான் பாக்காம எழுதினது. இருபத்துநாலும் பொய்."

பேராசிரியரின் முகம் வெளுத்தது. ஆலை டாக்டர் சிரித்தார்.

"இந்தம்மாவோட தம்பி எங்க உலையில வேலை செஞ்சவன், தெரியுமில்ல சார்? தம்பிக்காக இன்னைக்குக் காலையில புதுசா ஒரு கதை. அப்ப பொய் எழுதினவங்க இப்ப மட்டும் நெஜம் பேசறாங்கன்னு எப்படி நம்பறது?"

"நம்பவே வேணாம் சார்" என்றாள். "எந்திரிச்சு வாங்க. இருபது அடிதான்."

குளிர் அறைக் கதவை அவள் திறந்தபோது அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று முகத்தில் அடித்தது. சுவரில் மாட்டிய வெப்பமானி முப்பத்தாறைக் காட்டியது. நான்கு பேரும் உள்ளே நின்றதும் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடம் போனது. அதிகாரியின் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. ஆலை டாக்டர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார், கைக்குட்டையை எடுத்தார்.

"சரி, பாத்தாச்சு. போலாமே" என்றார்.

"மூணு மணி நேரம்தான் சார் அணைச்சு வெச்சிருக்கேன். எலிங்க அறுபது மணி நேரம் இருந்துச்சு, பன்னெண்டு வாரம். நீங்க வந்து ரெண்டு நிமிஷம் ஆகல."

"எனக்கு ரத்த அழுத்தம் இருக்கும்மா, கதவைத் திற."

"என் தம்பிக்கு உலையில சேந்தப்ப எதுவுமே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

வராந்தாவில் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆலை டாக்டரைப் பார்த்தார். "உங்க உலை நோட்டுல முப்பதுன்னு போட்டிருந்ததா ஞாபகம். உலைக்கு முன்னாடி முப்பதா டாக்டர்? அதையும் நான் போய் நின்னு பாத்துடறேன்."

பேராசிரியர் அறிக்கையின் குறுக்கே எழுதினார்: ஒப்பீட்டுக் குழு செல்லாது, முடிவு ஏற்கத்தக்கதல்ல, மறு ஆய்வு வேண்டும். பேனாவை மூடிவிட்டு, அவளைத் தனியாக அழைத்தார்.

"எல்லாத்தையும் எழுத்துல கொடு. உன்மேல விசாரணை வரும். வேலை நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்."

"வெள்ளிக்கெழமையே எழுதற வழக்கம் எனக்கும் தெரியும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதையும் எழுதிக்கோ."

தன் மேஜையில், மெழுகு வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து, தம்பிக்குத் தொலைபேசி போட்டாள்.

"ஜெயிச்சோமாக்கா?"

"இல்லடா. தோக்கல. திரும்ப முதல்லேர்ந்து செய்யணும், இன்னும் ஆறு மாசம் ஆகும். ஆனா குடிச்சுக் கெட்டவங்கன்னு உங்க பேர்ல இன்னைக்கு எந்தக் கையெழுத்தும் விழல."

"அப்புறம் ஏன் அழற?"

"உங்க மேஸ்திரியைத் திட்டினேன்ல. அந்த வேலையை நானும்தான் செஞ்சிருக்கேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

மறுமுனையில் யாரோ என்ன, என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேலே தேதி போட்டாள். நேரம் என்ற இடத்தில் நாலரை என்று எழுதப் போன கையை நிறுத்தி, நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: நாலு மணி பதினேழு நிமிடம்.