பலராமனின் கோரிக்கை

சுமலதா சிஸ்டர் நோயாளியைத் திட்டி நான் பார்த்ததே இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள்தான். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். அலைச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். மறதி நோய் வந்த முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. சாரம் பகுதியில் எங்கள் தெருவுக்குள் அவர் ஸ்கூட்டர் நுழைந்தாலே என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போடுவார்.

என் மாமனார் பலராமன் பஞ்சாலையில் தறி ஓட்டியவர், தொழிற்சங்கத்தில் முன்வரிசை ஆள். ஆலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அது அவருக்கு மறந்துவிட்டது. கூடவே பெற்ற மகனும் மறந்துபோனான். விடிந்தால் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். ஒருமுறை வழி தப்பிப் போனவரை ஊரைத் தாண்டி நோணாங்குப்பத்தில் கண்டுபிடித்தோம். அதிலிருந்து கேட்டுக்குப் பூட்டு.

போன மாதம் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கேட்டருகே பாய் விரித்து, தலையில் துண்டு கட்டி உட்கார்ந்துகொண்டார். இட்லி, கஞ்சி, அவருக்கு உயிரான சுறாப்புட்டு, எதையும் தொடவில்லை. நாளைக்கும் இப்படி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். "அங்கேர்ந்து அப்படியே ஒரு ஹோம்ல சேத்துடலாம், என்னால முடியல" என்று வீட்டுக்காரர் அழுதார். நான் உடனே சிஸ்டருக்குப் போன் போட்டேன். இந்த மனுஷர் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வரமாட்டார்.

சிஸ்டர் வந்தார். வாயில் புண்ணா, காய்ச்சலா, வெளிக்குப் போனாரா, எல்லாம் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், மாமனார் மடமடவென்று குடித்தார்.

"பொரையேறாம எறங்குது. தொண்டையில ஒண்ணுமில்ல" என்றவர் கஞ்சியை நீட்டினார். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார்.

சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "வேலைக்குப் போறேன்னு கெளம்பினப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"மில்ல மூடிட்டாங்கப்பான்னு சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். "உண்மையத்தான சொன்னேன்?"

"நல்லா சொன்னீங்க! மூடிட்டாங்கன்னு சொல்லி, கேட்டையும் பூட்டிப்புட்டா, சங்கத்து ஆளு வேற என்னண்ணே பண்ணுவாரு? அவருக்குப் பசி போகல. உண்ணாவிரதம் இருக்காரு."

பாய், துண்டு, தண்ணீர் மட்டும். கண்ணெதிரே இருந்தும் எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சிஸ்டர் பாயில் போய் உட்கார்ந்தார். "ஐயா, கோரிக்கை என்ன?"

மாமனார் நிமிர்ந்தார். "கேட்டத் தொறக்கணும்."

"நிர்வாகம் என்ன சொல்லுது?" என்று வீட்டுக்காரரைப் பார்த்து ஓர் அதட்டல்.

"தொறந்தா எங்கயாவது போயிடுவாரே சிஸ்டர்."

"கூடப் போங்க. தெனம் காலையில ஒரு நடை. ஒத்துக்கறீங்களா, இல்ல போராட்டம் தொடரட்டுமா?"

"ஒத்துக்கறேன்" என்றது நிர்வாகம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பூட்டைக் கழற்றி மாமனார் கையிலேயே கொடுத்தது.

உண்ணாவிரதத்தை முறைப்படிதானே முடிக்க வேண்டும்? நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சிஸ்டர் எழுந்து நின்று இரண்டு கையாலும் டம்ளரை நீட்ட, மாமனார் தெருவைப் பார்த்து வணங்கிவிட்டு வாங்கிக் குடித்தார். "வெற்றி!" என்று கையை உயர்த்தினார். நாங்களும் கத்தினோம். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே! மதியம் அவர் குழைந்த சோறு சாப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹோம் பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் காலை அப்பாவும் பிள்ளையும் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். தெருமுனையில் டீக்கடைக் கலைவாணன், "என்ன பெரியவரே, ஆளையே காணோம்?" என்றார்.

"போராட்டம். ஜெயிச்சுட்டோம்ல."

"யார எதுத்து?"

மாமனார் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டார். "இவன எதுத்துத்தான். எம் புள்ள. நல்ல பையன், எறங்கி வந்துட்டான்."

'எம் புள்ள' என்பது ஒரு வருடமாக அந்த வாயில் வராத சொல். வீட்டுக்காரர் அங்கேயே நின்று சிஸ்டருக்குப் போன் போட்டார். தேம்பல்தான் வந்தது.

"அழுவுறத அப்பறம் அழுவுங்க" என்ற அதட்டல் எனக்கே கேட்டது. "சாப்பிட்டாரா?"

"ரெண்டாவது பன்னு கேக்கறாரு சிஸ்டர்."