நாலு குரலுக்கு நாலு கேசட்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட இளையவள். அவள் ஊர் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்திவந்தாள். குழுவில் பாதிப் பேர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பழகவே முடியாது. குரலுக்கொரு மெட்டாக நாலு குரலில் பாடவேண்டிய கிறிஸ்துமஸ் பாட்டை இவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதே அவள் கவலை.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சிடியில் ஓர் இசை மென்பொருள் இருந்தது. இசைக்குறிப்பை டைப் செய்தால் வாத்தியம்போல் வாசித்துக் காட்டும். இலவசம், அதை உருவாக்க எழுதிய நிரலையும் கூடவே கொடுத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் பாட்டு கொஞ்சம் நீண்டால் உறைந்துபோய் நின்றுவிடும். அதை எழுதியவருக்கு அவள் மெயில் போட்டாள். தனக்கு இப்போது நேரமில்லை என்றும், திருத்த வந்தவர்கள் ஓரிடத்தைத் தொட்டால் வேறோரிடம் கெடுவதைப் பார்த்து விலகிவிட்டார்கள் என்றும் பதில் வந்தது.

நானும் நிரலைத் திறந்து பார்த்தேன். குறிப்பைப் படிப்பது, வாசிப்பது, அச்சடிப்பது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. இது ஆகாத காரியம், விட்டுவிடு என்றேன்.

"மொத்தமா நிமித்த ஏலாதுக்கா," என்றாள். "நமக்கு வேணுங்கிறத மட்டும் தனித்தனியாப் பிரிச்சு எடுப்போம். ஒண்ணு ஒரு வேலை செஞ்சாப் போதும்."

மத்தியானம் மாணவர்கள் போனபிறகு உட்கார்ந்து எழுதினாள். குறிப்பைப் படித்துப் பிழை பார்க்க ஒரு சின்ன நிரல். அதிலிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்க இன்னொன்று. வேகத்தைக் குறைக்க ஒன்று, வாசிக்க ஒன்று. ஒன்று முடித்துத் தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். ஒருநாள் ஆண் குரல் கீச்சென்று ஒலித்தது. கோளாறு எதில் என்று தேடி அலையவில்லை. குரலைப் பிரிப்பது ஒரே ஒரு நிரல்தான், அதைத் திறந்தாள், செத்த நேரத்தில் சரிசெய்துவிட்டாள்.

பொறவு ஒவ்வொரு குரலையும் டேப் ரெக்கார்டரில் பதிந்து, அவரவருக்குரிய கேசட்டைக் கொடுத்தனுப்பினாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வீட்டிலேயே போட்டுக் கேட்டுப் பழகினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தான் எல்லோரும் முதன்முதலாக ஒன்றாக நின்று பாடினார்கள். நானும் போயிருந்தேன். நாலு குரலும் ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்து எழுந்தன. கட்டைக்குரல் மில் ஃபிட்டர் ஒருவர் அவளிடம் வந்தார்.

"இம்புட்டு வருசமும் பக்கத்து ஆளு வாயப் பாத்துத்தாம்மா பாடுனேன். இப்பத்தான் எம் பாட்டு எதுன்னே தெரியுது."

அவள் சிரித்தாள்.

விடுமுறை முடிந்ததும் அந்தச் சின்ன நிரல்களை மென்பொருளை எழுதியவருக்கே அனுப்பினாள். அவர் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் வெளியிட்டார். முகம் தெரியாத யார் யாரோ ஆளுக்கொரு சின்ன நிரலாகச் சேர்த்தார்கள். பெரிய நிரலைக் கண்டு பயந்து ஓடியவர்களுக்குச் சின்னதாக ஒன்று எழுதுவது சிரமமாக இல்லை. கிடப்பில் கிடந்த மென்பொருள் மறுபடி நடமாடத் தொடங்கியது.

ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர், குறிப்பை அழகாக அச்சடிக்கும் நிரலை எழுதி அனுப்பியிருந்தார். அதை ஓட்டிப் பார்த்தவள் சாப்பாட்டை மறந்துவிட்டாள். பாட்டு வரிகளைத் தமிழில் அச்சடிக்க அதில் இன்னும் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.